ஒண்ணுமே தெரியல

இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் இழுக்கிற வாத்தியார் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு ஏலக்காய் டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நம் போடியில் கண் புரை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வலிச்சுச்சா?" என்பதுதான். என் அம்மாச்சி காலத்துப் பெரியவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்வார்கள். இப்போது செய்துகொள்கிறவர்களில் பலர் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: "ஒண்ணுமே தெரியல." பார்வை இரு தரப்பாருக்கும்தான் திரும்பியது. ஆனால் முதல் தரப்பாரிடம் ஒரு கதை இருக்கிறது, இரண்டாம் தரப்பாரிடம் அது இல்லை. அந்தக் கதை எங்கே போனது, அது போனது நல்லதா என்பதைத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரலாற்று வாத்தியார் யோசித்தால் பழைய காலத்துக்குத்தான் போவான்.

புரைக்கு ஊசி போட்டுத் தள்ளுவது நம் நாட்டில் மிகப் பழைய வைத்தியம். சுசுருத சம்ஹிதையில் அதன் முறை விவரமாக இருக்கிறது. வெளுத்துப்போன கண்வில்லையை அவர்கள் வெளியே எடுப்பதில்லை. கூரான கருவியால் கண்ணின் ஓரத்தில் குத்தி, வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். கதவை மறைத்து நிற்கிற பெட்டியை ஓரமாகத் தள்ளிவைப்பதுபோல. அதே நூல் அறுவைக்கு முன் நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்கிறது, குடிக்கிற பழக்கம் உள்ளவருக்கு மது கொடுக்கச் சொல்கிறது. கத்தி தெரியாமல் இருக்க மனிதன் கண்ட பழைய வழிகளில் ஒன்று அது. புரை ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர் இருமக்கூடாது, தும்மக்கூடாது, ஏப்பம் விடக்கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் பாதி அதுதானே இருக்கிறது!

தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் வண்ணப் படங்களோடு எழுதி வைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இருநூறு ஆண்டுக்கு முந்தைய கேஸ் சீட்டுகள். தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோவிலோடு திரும்பிவிடாமல் அந்த நூலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

1819இல் சென்னையில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை வந்தது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று, இன்று எழும்பூரில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனை. அங்கே 1904 முதல் 1914 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேயர். ஊர் ஊராகச் சுற்றிக் கண்ணில் ஊசி குத்திய நாட்டு வைத்தியர்களிடம் போய்வந்து, பிறகு கண் கெட்டுத் தன்னிடம் வந்தவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று வாதாடியவரும் இதே எலியட்தான். எதையும் நோண்டிப் பார்க்கிற ஆள் என்று தெரிகிறது.

இந்தச் சுற்றுகிற வைத்தியரின் கதையில் நமக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வில்லையைத் தள்ளியவுடனேயே நோயாளிக்கு வெளிச்சம் தெரியும், எதிரில் நீட்டிய விரல் தெரியும். பல வருட இருட்டுக்குப் பிறகு விரலை எண்ணிச் சொன்னவர் அழுதுகொண்டே கும்பிட்டிருப்பார். அந்த நிமிடத்தில் "திருப்தியா?" என்று கேட்டிருந்தால், நூற்றுக்கு நூறு என்றுதான் சொல்லியிருப்பார். உள்ளே தள்ளிவிட்ட வில்லை பிறகு கண்ணுக்குள் கிடந்து ரணமாக்கும். கண்ணழுத்தம் ஏறும், சீழ் வைக்கும், பலருக்குக் கண்ணே போகும். அதற்குள் வைத்தியர் அடுத்த ஊர் போயிருப்பார். இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1750இல் இசைமேதை பாக்கின் கண்ணில் இரண்டு முறை ஊசி போட்ட ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்துக்காரரும் இந்த ரகம்தான். ஊர் ஊராக வண்டியில் போய் வைத்தியம் பார்த்தவர். பாக் பார்வை திரும்பாமலே சில மாதங்களில் இறந்தார். ஒருவரிடம் திருப்தியை எப்போது கேட்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுக்கலாம் என்று 1747இல் பிரான்சில் ஜாக் டாவியல் காட்டினார். அதற்குக் கண்ணைக் கீற வேண்டும். முழு நினைவோடு இருக்கிற மனிதனின் கண்ணை! தொடையை அறுத்தால் நான்கு பேர் பிடித்துக்கொள்ளலாம். கண்ணை யார் பிடிப்பது? இமை மூடத் துடிக்கும், கண் உருளும். 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஈதர் கொடுத்து மயக்கி அறுவை செய்து காட்டியபோது மருத்துவ உலகமே கொண்டாடியது. ஆனால் கண் மருத்துவர்களுக்கு அது முழுசாக உதவவில்லை. ஈதர் மயக்கம் தெளியும்போது குமட்டும், வாந்தி வரும். அன்று கண்ணில் தையல்கூட நம்பகமாகப் போட முடியாத காலம். ஒரு வாந்தி வந்தால் போதும், கீறிய கண் பிதுங்கிவிடும். எனவே கண்ணுக்கு மட்டும் வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஆள் விழித்திருக்க வேண்டும், கண் மட்டும் மரத்துப்போக வேண்டும்.

அந்த வழியைக் கண்டவர் கார்ல் கோலர். வியன்னா மருத்துவமனையில் வேலை பார்த்த 26 வயது இளைஞர். கோகெய்ன் நாக்கில் பட்டால் மரத்துப்போகிறது என்பது அப்போதே பலருக்கும் தெரிந்ததுதான். அதைக் கண்ணில் விட்டுப் பார்க்கலாம் என்று இவருக்குத் தோன்றியது. தவளைக் கண், முயல் கண், நாய்க் கண் என்று சோதித்துவிட்டுத் தன் கண்ணிலேயே சொட்டு விட்டுக்கொண்டு, குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை! 1884 செப்டம்பர் 15ஆம் தேதி ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரத்தில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டில் இது அறிவிக்கப்பட்டது. ரயில் செலவுக்குக் காசில்லாததால் கோலர் போகவில்லை, அவருடைய கட்டுரையை வேறொரு மருத்துவர் வாசித்தார். மனவியல் மேதை பிராய்டு அந்தச் சமயத்தில் கோகெய்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டிருந்தவர், கோலருக்கு நண்பர். கைக்கெட்டிய புகழ் நண்பருக்குப் போய்விட்டது. "கோகா கோலர்" என்று பட்டப்பெயர் வைத்துத் தேற்றிக்கொண்டார்.

அதே வருடத்திலேயே கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கச் செய்யும் முறையும் தொடங்கிவிட்டது. கோகெய்ன் போய் நோவோகெய்ன், அது போய் லிக்னோகெய்ன் என்று மருந்து மாறியதே தவிர, நூறு வருடத்துக்கு அடிப்படை இதுதான். கண்ணுக்குப் பின்னால் ஒரு ஊசி, விழித்திருக்கிற நோயாளி.

என் அம்மாச்சி அந்த முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர். 1970களின் தொடக்கம். ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். ஏலச்செடியில் காய் தரையை ஒட்டிப் படர்கிற சரத்தில் இருக்கும், பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும், பிஞ்சைப் பறித்தால் கங்காணியிடம் ஏச்சு. புரை விழுந்த கண்ணுக்கு மலையில் வேலை கிடையாது. சம்பளம் நின்றது. மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயிலில் கூட்டிப்போனார்கள். 1928இல் வந்த அந்த ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப் பாதையாகி, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அம்மாச்சி அந்த ஆபரேஷனை இருபது வருடம் சொன்னார். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல ஊசி இருந்தது என்பார். முகத்தில் துணியைப் போர்த்தியதும் மூச்சு முட்டியது என்பார். "அசையாத ஆத்தா, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று ஒரு நர்சம்மா சொல்லிக்கொண்டே இருந்ததைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரலிலேயே சொல்லிக்காட்டுவார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தது, கட்டுப் பிரித்த அன்றைக்கு முதலில் தெரிந்தது ஒரு எவர்சில்வர் டம்ளர் என்பது, பிறகு அந்தத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி. வலித்தது என்பதை அவர் மறைத்ததே இல்லை. ஆனால் கதை முடிவதென்னவோ மறுபடி மலை ஏறி, ஸ்டோரில் உட்கார்ந்து காய் பொறுக்கியதில்தான். அந்தக் கதையைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் இன்னும் சிலர் ஆபரேஷனுக்குக் கிளம்பினார்கள்.

அன்றைக்கு மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் பிரிவுத் தலைவராக இருந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இளவயதில் முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போய், அந்த விரல்களையே பழக்கி ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஊர் ஊராகக் கண் முகாம் போட்டவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985இல் அது நம் தேனிக்கும் வந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தை ஆரம்பித்து மதுரையிலேயே தயாரித்து, சுமார் பத்து டாலர் விலைக்குக் கொண்டுவந்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி நம் தெருக்களிலிருந்து மறைந்தது அப்படித்தான்.

அந்த மருத்துவமனையின் வேகம் உலகப் புகழ் பெற்றது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் முடித்துவிட்டு டாக்டர் அப்படியே அடுத்த மேசைக்குத் திரும்புவார், அங்கே எல்லாம் தயாராக இருக்கும். தயார் செய்கிறவர்கள் நம் ஊர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், பள்ளி முடித்தவுடன் சேர்த்துப் பயிற்சி கொடுத்தவர்கள். அவ்வளவு பேருக்கும் தூக்க மருந்து கொடுத்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மயக்க மருத்துவரை உட்காரவைத்தால் அந்தக் கணக்கு ஓடாது. மரக்கிற ஊசி, தமிழில் பேசுகிற ஒரு பெண்ணின் குரல், இவ்வளவுதான். எனக்கென்னவோ அந்தக் குரலும் ஒரு மருந்து என்றே தோன்றுகிறது. 2001இல் கொரியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். புரை ஆபரேஷன் நடக்கும்போது நர்சு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பதற்றம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. அம்மாச்சியிடம் கேட்டிருந்தால் ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்.

இனி "ஒண்ணுமே தெரியல" கதைக்கு வருகிறேன். 1970களின் நடுவில் ஹாஃப்மன் லா ரோஷ் என்ற கம்பெனியில் மிடாசொலாம் என்ற மருந்தை உருவாக்கினார்கள். கையில் ஏற்றுகிற ஊசி. ஒன்றிரண்டு நிமிடத்தில் மனசு தளர்ந்துவிடும், பயம் போய்விடும். குறைந்த அளவில் கொடுத்தால் ஆள் தூங்குவதில்லை. கூப்பிட்டால் பதில் சொல்வார், "கண்ணை நேராப் பாருங்க" என்றால் பார்ப்பார். ஆனால் மூளை அந்த நேரத்தில் எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ரேடியோ பாடுகிறது, டேப் மட்டும் ஓடவில்லை. பழைய ஞாபகம் எதுவும் அழிவதில்லை, மருந்து ஏறியதிலிருந்து நடப்பதுதான் பதிவாவதில்லை. கண்ணுக்குப் பின்னால் போடுகிற ஊசிக்குச் சற்று முன்னால் இதைக் கொடுத்துவிட்டால், அந்த ஊசி நினைவில் நிற்காது. மேலைநாடுகளில் இது வேகமாகப் பரவியது. நம் நகரங்களில் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் கொடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு மூச்சு மந்தப்படலாம், சிலர் குழம்பிப்போய் எழுந்திருக்கப் பார்ப்பார்கள், அதனால் பக்கத்தில் இருந்து கவனிக்க ஆள் வேண்டும். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது டாக்டரின் தீர்ப்பு. அதில் நான் தலையிடவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் வலது கண்ணுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் செய்தார்கள். கையில் ஊசி ஏறியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்றுமில்லை. ஒரு தாள் கொடுத்தார்கள், "மிகவும் திருப்தி" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மறுநாள் கட்டுப் பிரிக்கப் போனபோது ஆபரேஷன் அறையில் இருந்த நர்சு சிரித்தார். "சார், பானிபட் போர் மூணையும் வருசத்தோட சொன்னீங்க" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவரே சாதாரணமாகச் சொன்னார்: "நடுவுல ரெண்டு தடவ வலிக்குதும்மான்னீங்க. டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டாரு, சரியாயிட்டீங்க."

வலிக்கிறது என்று நான் சொன்னேனாம். யாருக்கு வலித்தது? டிக் போட்ட எனக்கு வலிக்கவில்லை. மேசையில் கிடந்த எனக்கு வலித்திருக்கிறது, அவருக்கு யாரும் தாள் கொடுக்கவில்லை. இதில் ஆஸ்பத்திரியின் குற்றம் ஒன்றுமில்லை, வலித்தது என்றதும் கவனித்திருக்கிறார்கள், கண்ணும் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தாள் என்னை உறுத்துகிறது.

இந்தத் தாளுக்கும் வரலாறு உண்டு. இப்படி அரைமயக்கத்தில் ஆபரேஷன் செய்துகொள்பவர்களின் திருப்தியை அளக்க 1997இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 11 வாக்கியங்கள். வாந்தி வந்ததா, குளிர்ந்ததா, பாதுகாப்பாக உணர்ந்தீர்களா, வலித்ததா, மறுபடி இதே மயக்க முறை வேண்டுமா என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் மூன்று வரை மதிப்பெண். கண் ஆபரேஷன் ஆய்வுகள் பலவற்றில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நல்ல தாள்தான். ஆனால் பரீட்சைத் தாள் திருத்தியே முப்பத்து மூன்று வருடம் ஓட்டியவன் நான். பாடத்தையே கேட்காத மாணவனிடம் "பாடம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர் சார்" என்றுதான் சொல்வான். ஞாபகமே இல்லாதவரிடம் வலித்ததா என்று கேட்பதும் கிட்டத்தட்ட அதுதானே?

அனுபவம் வேறு, அனுபவத்தின் ஞாபகம் வேறு என்பதை 1996இல் டேனியல் கானமன், டொனால்ட் ரெடல்மையர் என்ற இருவர் காட்டினார்கள். இதில் கானமன் பின்னால் பொருளாதார நோபல் வாங்கியவர். குடலில் குழாய் விட்டுப் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள், முடிந்த பிறகும் கேட்டார்கள். பிறகு சொன்ன பதில், வலி உச்சத்தில் எவ்வளவு இருந்தது, கடைசியில் எவ்வளவு இருந்தது என்பதோடுதான் ஒத்துப்போனது. எவ்வளவு நேரம் வலித்தது என்பது கணக்கிலேயே வரவில்லை. மருந்து இல்லாமலே ஞாபகம் இப்படி என்றால், மருந்தோடு கேட்கவா வேண்டும்.

சரி, மறந்தால் நல்லதுதானே, வலியை யாராவது சேமித்து வைப்பார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். என் மதினி விஷயத்தில்தான் வேறு பக்கம் தெரிந்தது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்துக்குப் போகிறவர். காய் பருமன், பச்சை நிறம், வெடித்ததா இல்லையா, எல்லாம் கண் வேலை. முதல் கண்ணுக்கு அவருக்கும் அரைமயக்கம். வந்து "ஒண்ணுமே தெரியல" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆறு மாதம் கழித்து இரண்டாவது கண். இந்தத் தடவை துணி போர்த்தியது தெரிந்தது, தண்ணீர் வழிந்தது தெரிந்தது, அழுத்தம் தெரிந்தது. மேலே பெரிய வெளிச்சம் நீலமும் சிவப்புமாக ஆடியது. மதினிக்குப் பயம் வந்துவிட்டது. மருந்து குறைத்துப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து ஒரே சத்தம். காலையில் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பிலும் இதைச் சொல்ல, கேட்ட இரண்டு பெண்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். ஒருவர் இன்னும் போகவில்லை. மலையில் அவர் எடுக்கிற காயின் எடை மாதாமாதம் குறைகிறது.

இது மதினிக்கு மட்டும் நடந்தது அல்ல. இரண்டாவது கண் ஆபரேஷன்தான் அதிகம் வலித்தது என்று உலகம் முழுக்க நோயாளிகள் சொல்வதைக் கண் மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வு 2011இல் வெளியானது. அதிலும் இரண்டாவது கண்ணுக்கு வலி கூடுதலாகச் சொல்லப்பட்டது. முதல் தடவை பயந்து போகிறார்கள், எதிர்பார்த்ததைவிட லேசாக முடிகிறது, அதிலும் பாதி ஞாபகமில்லை. இரண்டாவது தடவை பயமில்லாமல் போகிறார்கள், எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. "ஒண்ணுமே தெரியல" என்ற பதிலை நம்பி இரண்டாம் முறை போகிறவர், தன் பழைய வாய்மொழியாலேயே ஏமாந்துபோகிறார்.

கண் ஆபரேஷனில் மட்டும் உள்ள ஒரு விசேஷத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வேறு ஆபரேஷன்களை நோயாளி பார்த்தாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். இதை உள்ளிருந்தே பார்க்கிறார். இப்போது பலருக்கும் ஊசிகூட இல்லை, சொட்டு மருந்து மட்டும்தான். வெளிச்சம், நிறங்கள், சிலருக்குக் கருவியின் நிழல், டாக்டரின் விரல்கூடத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை, சிலர் ரசிக்கவே செய்கிறார்கள். ஒரு சிலர் மிரண்டுபோகிறார்கள். இதை அதிகம் ஆராய்ந்தது சிங்கப்பூர் மருத்துவர்கள். அவர்களும் நம் அரவிந்த் மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று அதே 2011இல் வெளியானது. சொட்டு மருந்து மட்டும் போட்டு ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே, "உங்களுக்கு வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், அசைவு தெரியும், அது சகஜம், பயப்படாதீர்கள்" என்று எடுத்துச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லிவைக்கப்பட்டவர்களிடம் பயம் குறைவாக இருந்தது. செலவு என்ன? நாலு வாக்கியம்.

மதினியிடம் அந்த நாலு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. முதல் தடவை தெரியாமல் போனதற்கு மருந்துதான் காரணம் என்றும் சொல்லவில்லை.

நோயாளியின் ஞாபகம் அவரோடு நிற்பதில்லை என்பதை மதுரைப் பக்கத்தில் முன்பே அறிந்திருந்தார்கள். கிராமத்தில் புரை உள்ளவர்களை ஆபரேஷனுக்கு வரவைப்பது எப்படி என்று தென்னிந்தியக் கிராமங்களில் பல வழிகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1991இல் வெளியானது. அந்த வழிகளில் ஒன்று, ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவரையே வீடு வீடாக அனுப்புவது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, எனக்கு இப்படி நடந்தது என்று சொன்னால் அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது? அவர் சொல்வதற்கு அவரிடம் கதை இருக்க வேண்டும். வலி இருந்தது, பொறுத்தேன், இப்போது பேரன் முகம் தெரிகிறது என்று அம்மாச்சி சொன்ன மாதிரி.

நான் அரைமயக்கத்துக்கு எதிரி இல்லை. நடுங்குகிறவருக்கு, சும்மா படுக்க முடியாதவருக்கு அது வரம். என் இடது கண்ணுக்குப் போனபோது நானே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சொட்டு மருந்தோடு மட்டும் செய்துகொண்டேன். பதினைந்து நிமிடம் இருக்கும். கொஞ்சம் அழுத்தம் தெரிந்தது, தண்ணீர் சில்லென்று வழிந்தது. வெளிச்சம் மூன்றாகப் பிரிந்து, தண்ணீருக்கடியிலிருந்து சூரியனைப் பார்த்தால் இருக்குமே, குரங்கணி ஓடையில் முங்கியவர்களுக்குத் தெரியும், அப்படி ஆடியது. பிறகு நிழல் ஒன்று வந்து போனது, லென்ஸ் வைக்கிறோம் என்றார்கள். திருப்தியா என்று கேட்டால் நூற்றுக்கு எண்பது கொடுப்பேன். வலது கண்ணுக்கு நான் போட்ட மதிப்பெண்ணைவிட அது குறைவுதான்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் இருந்தால், "வலிச்சுச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வருடம், எந்த ஊர், ஊசியா சொட்டு மருந்தா, கையில் ஏதாவது ஏற்றினார்களா, மேசையில் கிடந்தபோது என்ன தெரிந்தது, யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், கட்டுப் பிரித்ததும் முதலில் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். 1960கள், 70களில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் நடந்த முகாம்களில் செய்துகொண்டவர்கள் யாராவது இன்னும் இருந்தால், போனில் கூப்பிடுங்கள், நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சொன்னால் காலை ஜீப்பிலேயே ஏறிவிடுவேன். எனக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.